மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் ஐந்து ஹெவி மெட்டல் இசைத்தட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய சாமான் கடைக்கு, ஒரு வீட்டைக் காலி செய்தபோது நாற்பது சொச்சம் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) இசைத்தட்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஐந்து தட்டுகள் ஹெவி மெட்டல், ஹார்டு ராக் என்னும் உரத்த மின்கித்தார் இசை வகையைச் சேர்ந்தவை. நாயுடுபுரத்தில் மின்பணி செய்யும் என் இளம் நண்பர் ஒருவர், தட்டு ஒன்றுக்கு 150 ரூபாய் கொடுத்து அந்த ஐந்தையும் வாங்கினார். தட்டுகளை அடையாளம் காணவும் தூய்மை செய்யவும் நான் உடனிருந்தேன். மலையில் அரிய தட்டு மலிவாகக் கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நடந்ததைப் படிப்படியாக எடுத்துப் பார்க்கும்போது, தட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது, வரும் வழியில் அதிலிருந்து என்னென்ன பிரிந்துபோயின என்று விசாரித்ததே இதில் முக்கால் பங்கு வேலை என்று தெரிகிறது. சேகரிப்பில் ஈடுபட்டுள்ள மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் பதிவு செய்கிறேன்.

தட்டுகள் மலைக்கு வந்த வழி

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கப்பட்ட பள்ளி, 1970-களில் பன்னாட்டுப் பள்ளியாக மாறியது. விடுமுறைக்குத் தாய்நாடு சென்று திரும்பும் மாணவர்களின் பெட்டிகளில் அந்த ஆண்டு அங்கே வெளியான தட்டுகளும் வந்தன. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல முடியாத காரணத்தால், கித்தார், குளிர்ச்சட்டை, சைக்கிள், இசைத்தட்டு ஆகியவற்றை உள்ளூர் நண்பர்களுக்குக் குறைந்த விலைக்கோ சும்மாவோ கொடுத்துவிட்டுப் போனார்கள். நீலகிரியிலும் இதே போன்ற வழிகள் உண்டு. 1858-இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, வெளிநாட்டு அதிகாரிகளும் பயிலும் வெல்லிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி, தேயிலைத் தோட்ட பங்களாக்கள் என்று குன்னூரையும் உதகையையும் சுற்றி வெளிநாட்டுத் தட்டுகள் வந்து தங்குவதற்கு இடங்கள் பல இருந்தன. சமவெளியில் இருந்த கடைகள் பெரும்பாலும் இந்திய நிறுவனங்கள் அச்சிட்ட தட்டுகளையே விற்ற காலத்தில், மலையில் பிரிட்டிஷ் அச்சும் அமெரிக்க அச்சும் பயணப் பெட்டி வழியாக வந்துகொண்டிருந்தன.

இந்திய அச்சையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கிராமபோன் கம்பெனி 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை அமைத்து, பிறகு 1928-இல் டம் டம்முக்கு இடம் பெயர்ந்தது. அது இ.எம்.ஐ. என்ற பிரிட்டிஷ் இசை நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்திருந்ததால், அந்தக் குழுமம் பிரிட்டனில் வெளியிட்ட டீப் பர்ப்பிள், அயர்ன் மெய்டன் ஆகிய குழுக்களின் தட்டுகளை இங்கேயே அச்சிடும் வசதி அதற்கு இருந்தது. பிரிட்டனில் அச்சான எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இங்கே அச்சானவை மிகக் குறைவு. ஒரே ஆல்பத்தை நாடு வாரியாகச் சேர்ப்பவர்கள் இந்திய அச்சைத் தேடுவதற்கு அதுவே காரணம். உள்ளூரில் ‘இது நம்மூர் அச்சுதானே’ என்று ஒதுக்கப்படும் தட்டுக்கு வெளிநாட்டில் ஆள் காத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

காலநிலையும் சேர்ந்து பேசப்பட வேண்டியது. திண்டுக்கல்லிலும் மதுரையிலும் ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்த தட்டுகள் சித்திரை வெயிலில் வளைந்துபோகும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே பகை ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையும் மாதக்கணக்கில் வீட்டுக்குள் புகுந்து தங்கும் பனிமூட்டமும் அட்டை உறையில் பூஞ்சையைக் கிளப்பிவிடும். ஆகவே மலைத் தட்டு பெரும்பாலும் தட்டையாக இருக்கும். ஆனால் பூஞ்சை பிடித்திருக்கும். வளைந்த தட்டை நிமிர்த்துவது கடினம், பூஞ்சையைக் கழுவ முடியும் என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மலைத் தட்டையே எடுப்பேன்.

கடையில் கண்டது

கடைக்காரரை விவரம் அறியாதவர் என்று எண்ணுவது தவறு. வந்த குவியலை அவர் ஏற்கெனவே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். இளையராஜா இசையமைத்த தமிழ்ப் படங்களின் தட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் போயிருந்தன. ஆங்கிலத் தட்டுகள் அனைத்தும் தரையில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. “தம்பி, சினிமா ரெக்கார்டுன்னா ஐநூறு. இங்கிலீஷ் பாட்டு எதுவானாலும் நூத்தம்பது” என்றார். தம்மிடம் வந்து கேட்பவர்கள் யார், எதைக் கேட்கிறார்கள் என்பதை வைத்து அவர் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு அவருடைய சந்தைக்குச் சரியானது. சென்னை மூர் மார்க்கெட்டில் உள்ள வியாபாரியிடம் ஆங்கிலத் தட்டு வாங்க வருபவர் நாள்தோறும் உண்டு. ஆகவே அவருக்கு அதன் விலையும் தெரியும். மூஞ்சிக்கல் கடைக்கு அப்படிக் கேட்டு வருபவர் அரிது. மலிவு உண்டானது இந்த இடைவெளியில்தான்.

பெட்டியில் பெரும்பகுதி இந்தியாவில் எந்தப் பழைய வீட்டிலும் இருக்கக்கூடியவை: ஜிம் ரீவ்ஸ், போனி எம், ஆபா, கிளிஃப் ரிச்சர்டு, கிறிஸ்தவப் பாமாலைகள். நண்பர் உறையைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து வெளியே எடுத்து நடுவில் ஒட்டிய லேபிளைப் படித்தார். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பழைய வீட்டுத் தட்டுகள் உறை மாறிக் கிடப்பது வழக்கம் என்பதோடு, ஹெவி மெட்டலைப் பொறுத்தவரை உறையே இல்லாதது போலத் தோன்றும் தட்டுகளும் உண்டு என்பதால் இந்தப் பொறுமை தேவைப்படுகிறது. பிரிட்டனின் டைமண்ட் ஹெட் குழு 1980-இல் தன் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டபோது, குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ இல்லாத வெறும் வெள்ளை உறையில், குழுவினரில் ஒருவரின் கையெழுத்துடன் ஆயிரம் பிரதிகளை மட்டுமே வெளியிட்டது. பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா அந்த ஆல்பத்தின் பாடல்களை எடுத்துப் பாடியதால் அந்த வெள்ளை உறைக்குத் தனி மதிப்பு வந்தது. பெயர் தெரியாதவர் கையில் அது குப்பைக்குப் போகக்கூடிய பொருள். மூஞ்சிக்கல் பெட்டியிலும் வெள்ளை உறை ஒன்று இருந்தது. உள்ளே இருந்தது ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் தட்டு. ஆனாலும் எடுத்துப் பார்த்தது சரியான செயலே.

ஒதுக்கி வைக்கப்பட்ட ஐந்து தட்டுகள் இவை: பிளாக் சாபத்தின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’, டீப் பர்ப்பிளின் ‘இன் ராக்’, ‘மெஷின் ஹெட்’, ஜூடாஸ் பிரீஸ்டின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’, அயர்ன் மெய்டனின் ‘பவர்ஸ்லேவ்’.

எந்த நாட்டு அச்சு, எத்தனையாவது அச்சு

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ 1971-இல் வெளியானது. பிளாக் சாபத்தின் கித்தார் கலைஞர் டோனி ஐயோமி, இளவயதில் தகடு வெட்டும் ஆலையில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர்; விரல்களுக்கு இழுவிசை குறையும்படி கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிய ஆல்பம் இது. பின்னால் வந்த எத்தனையோ குழுக்களின் கனத்த ஒலிக்கு மூலம் இதுவே என்பதால், இதன் முதல் அச்சைத் தேடுபவர்கள் இன்றும் குறையவில்லை.

கொடைக்கானலில் கிடைக்கும் பிரதி அமெரிக்க அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முதலில் நினைத்தோம். அமெரிக்காவில் அதை வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். அந்த ஆண்டுகளில் அதன் லேபிள் பச்சை நிறம். முதல் அச்சு லேபிளில் ஆல்பத்தின் பெயர் ‘மாஸ்டர்ஸ்’ என்று பன்மையில் தவறாக அச்சாகியிருக்கும். எங்கள் கையில் இருந்ததோ வெர்டிகோ நிறுவனத்தின் பிரிட்டிஷ் அச்சு. வெர்டிகோவின் தொடக்ககால லேபிளை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஒரு பக்கம் எழுத்து ஏதுமின்றிக் கறுப்பு வெள்ளைச் சுழல் மட்டும் லேபிள் முழுவதையும் நிறைத்திருக்கும். பாடல் விவரங்கள் மறுபக்க லேபிளில் இருக்கும். தட்டு சுற்றும்போது அந்தச் சுழல் கண்ணை உள்ளே இழுக்கும். விவரம் தெரியாதவர் ‘லேபிள் ஒட்டாமல் விட்டுவிட்டார்கள்’ என்று நினைக்கக்கூடும். கடைக்காரரும் அப்படித்தான் நினைத்திருந்தார். 1973 வாக்கில் இந்தச் சுழல் லேபிள் கைவிடப்பட்டு விண்கலப் படம் கொண்ட லேபிள் வந்தது. எனவே சுழல் இருந்தால் காலம் ஓரளவு உறுதியாகிறது. பிற்கால மறுபதிப்புகளிலும் சுழலைப் போடுகிறார்கள். ஆனால் உறையின் பின்புறம் பட்டைக்குறி இருக்குமானால் அது 1971-இன் உறை அல்ல என்று உடனே சொல்லிவிடலாம்.

அடுத்துப் பார்த்தது, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள, பாட்டு பதிந்த பள்ளம் இல்லாத வளையம். அச்சு வரலாறு எழுதப்படும் இடம் அது. பிலிப்ஸ் குழுமத்தில் அச்சான வெர்டிகோ தட்டுகளில் பட்டியல் எண்ணுக்குப் பின் பக்கத்துக்கேற்ப ‘1 ஒய்’ அல்லது ‘2 ஒய்’ என்றும் இரு சாய்கோடுகளும் அதன்பின் ஓர் எண்ணும் இருக்கும். அந்தக் கடைசி எண், எத்தனையாவது வெட்டு (பாட்டை மூலத் தகட்டில் பள்ளமாகச் செதுக்குவது) என்பதைக் காட்டும். எங்கள் பிரதியில் அந்தக் கடைசி எண் இரு பக்கமும் 1 என்றே இருந்தது. இ.எம்.ஐ. தன் ஹேய்ஸ் ஆலையில் வேறு முறையைக் கையாண்டது. கிராமபோன் லிமிடெட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை வரிசையாக எண்களுக்கு ஈடாக வைத்தது. ‘ஜி’ என்றால் 1, ‘ஆர்’ என்றால் 2, ‘ஏ’ என்றால் 3 என்று அது போகும். லேபிளுக்குப் பக்கவாட்டில் தனியாக நிற்கும் ஓரிரு எழுத்துகளை இப்படிப் படித்தால், தட்டை அழுத்தி எடுக்கும் எத்தனையாவது அச்சுத்தகட்டிலிருந்து அந்தப் பிரதி வந்தது என்று தெரியும். பிரிட்டிஷ் டீப் பர்ப்பிள் தட்டு ஏதேனும் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

எங்கள் இரு டீப் பர்ப்பிள் தட்டுகளுக்கும் அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இரண்டின் லேபிளிலும் இந்தியத் தயாரிப்பு என்று தெளிவாக அச்சாகியிருந்தது. 1984-இல் வந்த ‘பவர்ஸ்லேவ்’ தட்டும் இந்திய அச்சே. ஐந்தில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது இதுதான். பிளாக் சாபத்தின் தட்டுக்கு எங்கும் விலை தெரியும். ஆனால் இந்தியாவில் இசைத்தட்டின் காலம் முடிந்து ஒலிநாடா கோலோச்சத் தொடங்கிய ஆண்டுகளில் டம் டம் நிறுவனம் வெளியிட்ட ஒரு மெட்டல் தட்டு, நாற்பது ஆண்டுகள் கழித்து மலையில் முழுதாகக் கிடைப்பது அதைவிட அபூர்வம் என்பது என் துணிபு.

‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1980-இல் ஏராளமாக விற்ற ஆல்பம். எங்களுடையது ஹாலந்தில் அச்சானது. அமெரிக்கப் பதிப்பில் ‘பிரேக்கிங் த லா’ முதல் பாட்டாக இருக்கும், ஐரோப்பியப் பதிப்பில் ‘ராபிட் ஃபயர்’ முதலில் வரும் என்பதால் பாடல் வரிசையே ஊரைச் சொல்லிவிடும். ஐந்தில் மிகவும் பளபளப்பாக இருந்தது இதுதான். விலையில் மிகவும் எளிதானதும் இதுதான். பழையது என்பதாலோ புதிது போல் இருப்பதாலோ ஒரு தட்டு அரியது ஆகிவிடாது.

பூஞ்சையும் தேய்மானமும்

தட்டின் நிலையைக் கடைக்குள் மங்கலான குழல்விளக்கின் கீழ் பார்க்கக் கூடாது. நண்பர் தம் பையிலிருந்த கைவிளக்கைத் தட்டின் மேல் சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். மூன்று வகைக் குறைகள் தெரிந்தன. ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தட்டில் வெண்ணிறப் பூஞ்சை திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. ஆனால் கீறல் குறைவு. ‘இன் ராக்’ தட்டில் பூஞ்சை இல்லை. பள்ளங்கள் சாம்பல் பூத்து மங்கியிருந்தன. ‘பவர்ஸ்லேவ்’ தட்டில் இரண்டும் சிறிது சிறிது இருந்தன.

பூஞ்சையையும் தேய்மானத்தையும் பிரித்தறிவதில்தான் வாங்குபவரின் பணம் இருக்கிறது. பூஞ்சைக்கு உணவு காகிதமும் பசையும் விரல் எண்ணெய்யும். பிளாஸ்டிக்கை அது எளிதில் தின்னாது. ஆகவே பெரும்பாலும் அது மேலே படிந்த அழுக்கு. சாம்பல் நிறம் அப்படியல்ல. கனமான முள் ஓடி ஓடிப் பள்ளத்தின் சுவரையே சீவிவிட்டது என்பதன் அடையாளம். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டி பிளேயர்களின் செராமிக் முனை, இன்றைய காந்த முனையைவிடப் பல மடங்கு அழுத்தத்துடன் தட்டில் இறங்கும். முள்ளையும் மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருந்தால், எந்தக் கழுவலாலும் அந்த ஒலி திரும்பாது.

மெட்டல் தட்டுகளில் இந்தத் தேய்மானம் இன்னும் கொடியது. ஒலி உரத்ததாக இருக்கும். தட்டின் உட்புறம் செல்லச் செல்லப் பள்ளத்தின் நீளம் சுருங்கி, உரத்த ஒலி உடைபடுவதற்கு இடம் கொடுக்கும். ‘இன் ராக்’ முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘சைல்டு இன் டைம்’. பத்து நிமிடம் ஓடும் அந்தப் பாட்டில் இயன் கில்லனின் உச்சக் குரல் உள்வளையத்தில்தான் வருகிறது. ‘பவர்ஸ்லேவ்’ இரண்டாம் பக்கம் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் நீளும் ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’ பாட்டோடு முடிகிறது. கடையில் பிளேயர் இருந்தால் முதல் பாட்டை விட்டுவிட்டு இந்தக் கடைசிப் பாட்டுகளைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். மூஞ்சிக்கல் கடையில் பிளேயர் இல்லை. பூஞ்சை உள்ள தட்டைக் கழுவாமல் முள் வைப்பதும் நல்லதன்று. கண் தீர்ப்பை மட்டும் நம்பி நண்பர் 750 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். பேரம் பேசவில்லை.

காகிதக் கட்டு

விலையைக் கொடுத்த பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்த நிகழ்வின் திருப்பம். “அண்ணே, இதோட வந்த பேப்பர் ஏதாச்சும் இருக்கா?”

பழைய சாமான் கடையில் பொருள்கள் வகை வகையாகப் பிரிகின்றன. இரும்பு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம். இசைத்தட்டு விற்பனைக்கான பொருள். அதோடு வந்த பாடல்வரித் தாள், உள்ளுறை, சுவரொட்டி ஆகியவை எடைக்குப் போகும் காகிதம். ஒரே வீட்டிலிருந்து ஒரே மூட்டையில் வந்தாலும் கடை வாசலில் அவை பிரிந்துவிடும். காகிதம் கட்டுக்கட்டாக வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறங்கிவிட்டால் தேடுவதற்கு வழியில்லை. ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ முதல் பிரிட்டிஷ் அச்சு, எழுத்துகள் புடைத்து நிற்கும் கறுப்பு உறையில், மேல்மடிப்பால் மூடும் அமைப்போடு, குழுவின் படம் அச்சான மடித்த சுவரொட்டி ஒன்றையும் கொண்டு வெளிவந்தது. எங்கள் பிரதியில் உறை இருந்தது, சுவரொட்டி இல்லை, வெர்டிகோவின் சுழல் அச்சிட்ட உள்ளுறையும் இல்லை. முழுமையான பிரதி நல்ல நிலையில் சில பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கக்கூடியது. சுவரொட்டி இல்லாத, பூஞ்சை பிடித்த பிரதி அதில் சிறு பங்குதான் பெறும்.

கட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரு கட்டில், பழைய பள்ளிக் குறிப்பேடுகளுக்கும் வார இதழ்களுக்கும் இடையே, சுழல் உள்ளுறை ஓரம் கிழிந்து கிடந்தது. கடைக்காரர் அதற்குப் பணம் வாங்கவில்லை. சுவரொட்டி கிடைக்கவில்லை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டபோது இடத்தைச் சொன்னார்.

வீட்டில் நடந்தது

அந்த வீட்டில் இருந்த அறுபது வயதைக் கடந்த அம்மையார், தட்டுகள் தம் அண்ணனுடையவை என்றார். அண்ணன் பன்னாட்டுப் பள்ளி மாணவர்களோடு பழகி, அவர்கள் ஊர் திரும்பும்போது விட்டுச் சென்ற தட்டுகளைச் சேர்த்தவர். இந்திய அச்சுத் தட்டுகளை மதுரைக்குப் போகும்போது வாங்கியவர். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். சுவரொட்டி பற்றிக் கேட்டதும், “படம் போட்ட பெரிய பேப்பரா தம்பி? பீரோவுல விரிச்சிருக்கேன், பாருங்க” என்று உள்ளே அழைத்துப் போனார். துணி அலமாரியின் கீழ்த்தட்டில், நாள்காட்டித் தாள்களுக்கு அடியில் அது இருந்தது. நான்கு மூலையிலும் குண்டூசித் துளை. மடிப்பில் ஓரங்குலக் கிழிசல். ஒரு காலத்தில் அண்ணனின் அறைச் சுவரில் இருந்ததாம்.

இங்கே நண்பர் நடந்துகொண்ட விதம் பற்றி என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய சாமான் வியாபாரி பொருளைத் தொழிலாக விற்பவர். அவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவதில் தவறில்லை. அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தின் நிலை வேறு. அவர்களுக்குச் சந்தை தெரியாது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வாங்குபவரும் இல்லை. அங்கே மௌனமாக இருந்து வாங்குவது, என் பார்வையில், ஏமாற்றுவதற்கு ஒப்பானது. நண்பர் தாம் கடையில் என்ன வாங்கினார், என்ன விலை கொடுத்தார், இந்தத் தாள் சேர்ந்தால் அதன் மதிப்பு எவ்வளவு உயரும் என்பதை அந்த அம்மையாரிடம் சொன்னார். இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அதே அச்சு முன்பு விற்ற விலைகளைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். விற்பவர்கள் கேட்கும் விலையைக் காட்டாமல் உண்மையில் விற்ற விலையைக் காட்டியது சரியான முறை. கேட்கும் விலை ஆசையைச் சொல்லும், விற்ற விலைதான் சந்தையைச் சொல்லும். குண்டூசித் துளையும் கிழிசலும் உள்ள தாளுக்கு 3,000 ரூபாய் என்று முடிவாயிற்று.

அம்மையார் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்துப் பேசினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘மெஷின் ஹெட்’ தட்டு தமக்கு வேண்டும் என்றார். அதன் உறையில் நீல மையில் அவர் பெயரும் 1979 என்ற ஆண்டும் எழுதியிருந்ததை நாங்கள் கடையிலேயே பார்த்திருந்தோம். உறையில் எழுத்து இருந்தால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். இந்தத் தட்டைப் பொறுத்தவரை அந்த எழுத்துக்கு உரியவரே கேட்டுவிட்டார். மறுநாளே அது அந்த வீட்டுக்குத் திரும்பியது. அதற்கு நண்பர் பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

கழுவிய பின்

தூய்மைப் பணியை மழை விட்ட மாசி மாதத்தில் வைத்துக்கொண்டோம். ஈரக் காலத்தில் கழுவினால் தட்டு காய்ந்தாலும் உறை காயாது. முதலில் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, உலர்ந்த மென்தூரிகையால் உறையிலும் உள்ளுறையிலும் இருந்த பூஞ்சைத் தூளைத் தட்டினோம். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்ற உறைகளுக்கும் பரவும். காகிதத்தை நேர் வெயிலில் வைத்தால் நிறம் வெளிறும் என்பதால் நிழலில் காற்றாட விட்டோம். தட்டுக்கு, காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஒரு சொட்டு சோப்பும் கலந்த கரைசலைப் பயன்படுத்தினோம். குழாய் நீரில் உள்ள உப்பு பள்ளத்தில் தங்கி அதுவே இரைச்சலாகும். தூரிகை பள்ளத்தின் போக்கில் வட்டமாகத்தான் போக வேண்டும். குறுக்கே போகக் கூடாது. லேபிளில் ஈரம் படாமல் காக்க வேண்டும். பிறகு வெறும் வடித்த நீரால் அலசி, செங்குத்தாக நிறுத்திக் காய வைத்தோம். ஆல்கஹால் கலவை வினைல் தட்டுக்கு மட்டும் உரியது என்பதைக் குறிப்பிட வேண்டும். பழைய 78 சுற்று அரக்குத் தட்டில் அதைத் தடவினால் தட்டே கரைந்து கெட்டுவிடும்; மலை வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடப்பது வழக்கம்.

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியது. முதல் பக்கத் தொடக்கத்தில் வரும் இருமல் ஒலிக்கு முன்பு மெல்லிய பொரிதல் கேட்கிறது. கித்தார் தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது. ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ குறையேதும் இல்லாமல் ஓடுகிறது. ‘இன் ராக்’ கண்ணுக்குத் தெரிந்தபடியே இருந்தது: ‘சைல்டு இன் டைம்’ உச்சத்தில் குரல் உடைகிறது, அதற்கு மருந்தில்லை. ‘பவர்ஸ்லேவ்’ முதல் பக்கம் தெளிவு. இரண்டாம் பக்கத்தில், இரண்டாம் முறை கழுவிய பிறகும், கடைசிப் பாட்டின் நடுவே ஓர் இடத்தில் சரசரப்பு நிற்கவில்லை. அங்கே பூஞ்சை பள்ளத்தில் நிலையான தடம் விட்டிருக்க வேண்டும். தட்டின் தரத்தைக் குறிக்கும்போது அந்த இடத்தையும் குறிப்பிட்டே நண்பர் எழுதி வைத்திருக்கிறார்.

நான்கும் இப்போது புதிய உள்ளுறையில், ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் செங்குத்தாக, சுவரிலிருந்து தள்ளிப் போட்ட மர அடுக்கில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் இருக்கின்றன. எதையும் விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒருவேளை விற்பதானாலும் மலையிலிருந்து கீழே கொண்டுபோகும்போது, வத்தலக்குண்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நாற்பது ஆண்டுகள் வளையாதிருந்த தட்டு ஒரு மணி நேரத்தில் அங்கே வளைந்துவிடும். மூஞ்சிக்கல் கடைக்காரரும் இப்போது முறையை மாற்றியிருக்கிறார்: இசைத்தட்டோடு வரும் தாள்களை எடைக் கட்டில் சேர்க்காமல், அதே பெட்டியில் போட்டு வைத்துவிட்டு நண்பருக்குத் தகவல் சொல்கிறார், அப்படிச் சேர்ந்து வரும் பெட்டிக்கு, தட்டு ஒன்றுக்கு 150 என்பதை 250 ஆக உயர்த்தியும் இருக்கிறார். நண்பர் அதை முழு மனத்தோடு கொடுத்துவருகிறார்.